இரண்டாயிரம் ரூபாய் வீடு

ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு ஒவ்வொரு பாலிஸியிலும் இரண்டு நல்ல நாள் உண்டு: ஆள் கையெழுத்துப் போடுகிற நாள் ஒன்று, இருபது வருஷம் கழித்து அவர் கையில் செக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாள் இன்னொன்று. முதல் நாளில் என்ன பேசவேண்டும் என்று கம்பெனி எங்களுக்கு ஒரு புஸ்தகமே கொடுத்திருந்தது. இரண்டாவது நாளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த நாள் தானாகவே நன்றாக இருக்கும் என்று மெட்ராஸ் தலைமை ஆபீஸில் இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நான் இந்த வேலையை எடுத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சாலை என்று பேர்பெற்ற பெரிய கடைத்தெரு, வலியசாலை, ஸ்ரீவராகம், கோட்டைக்குள் தெருக்கள் என்று சைக்கிளில் சுற்றினேன். மெட்ராஸ் கம்பெனி ஆகையால் பிரீமியத்தைப் பிரிட்டிஷ் ரூபாயில் கட்டவேண்டும். திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்குச் சக்கரம் என்கிற நம்மூர்க் காசு இருபத்தெட்டு என்றால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்துக்காக என்னோடு அரை மணி நேரம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். ரூபாயே இருபது வருஷத்தில் என்ன ஆகும் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து, நான் விற்ற பாலிஸிகள் ஒவ்வொன்றாக முதிர ஆரம்பித்தன. இதைப் படிக்கிறவர்களில் பலர் இப்படி எதையாவது கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மச்சில் போடாத துணி

முதலில் முதிர்ந்தது சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த நாகலிங்கம் பிள்ளையின் பாலிஸி. ஆயிரம் ரூபாய், லாபத்தோடு சேர்த்து ஆயிரத்து முந்நூறுக்குப் பக்கத்தில் வந்தது. “ஆயிரம் ரூபாய் இருந்தால் தரையிலிருந்து உத்தரம்வரை கடையை நிரப்பிவிடலாமே” என்று சொல்லித்தான் நான் அதை விற்றிருந்தேன். அப்போது அது உண்மை. செக்கைக் கொடுக்கப் போகும்போது சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்குச் சோடா வரவழைத்தார். செக்கை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, “டே, கண்ட்ரோல் விலையிலே இதுக்கு மல் பீஸ் எத்தனைடே வரும்?” என்று கேட்டார். கணக்குப்பிள்ளை சொன்னார். பிள்ளை தலையைத் தூக்கி அலமாரிகளைப் பார்த்தார். அந்த எண்ணிக்கையை எந்தத் தட்டில் வைப்பது என்று தேடுவதுபோல இருந்தது. ஒரு பக்கத்துச் சுவர்த் தட்டுகளைத் தாண்டாது என்பது எனக்கே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு. செக்கை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்தார். நான் சோடாவைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: “அந்தப் பணத்துக்கு அன்னைக்கே நான் துணியா வாங்கி மச்சிலே போட்டிருந்தா, கரையான் தின்னது போக மிச்சம் இதைவிட ஜாஸ்தியா இருந்திருக்கும் வேய்.”

பதில் கடிதம்

மீனாக்ஷி டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயசிலேயே புருஷனை இழந்து, அதற்கப்புறம் படித்து வேலைக்கு வந்தவர். வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வாடகை வீட்டில், அதேபோலப் புருஷனை இழந்த அக்காவோடு இருந்தார். வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் இருந்தார். நான் முதலில் போனபோது டீச்சர் என்னைப் பேசவே விடவில்லை. ஒரு கார்டை எடுத்து நீட்டினார். “இந்த வீட்டை என்ன விலைக்குத் தருவேள்னு எழுதிக் கேட்டிருந்தேன். ரெண்டாயிரம்னு பதில் போட்டிருக்கார். இருபது வருஷத்துல ரெண்டாயிரம் வரும்படியா ஒரு பாலிஸி போடுங்கோ. நாளைக்கு அவர் காலி பண்ணுன்னு சொன்னா எங்க ரெண்டு பேருக்கு இந்தத் தெருவுல வேற யாரும் வீடு தரமாட்டா.” எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று பாலிஸிக்காரர்களை முடிவு செய்யவைப்பதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய கஷ்டம். இவர் தானே விலை விசாரித்து வைத்திருந்தார். ஏஜெண்டுகள் கூட்டத்தில் பல தடவை இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

பதினாறு வருஷம் கட்டியான பிறகு, யுத்தமும் முடிந்து சுதந்திரமும் வந்து ஒரு வருஷம் ஆனபோது, அம்பாசமுத்திரத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வீட்டுக்காரருக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுப்பதாகவும், டீச்சர் வேண்டாம் என்றால்தான் மற்றவர்களைக் கேட்பதாகவும் எழுதியிருந்தார். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பாலிஸியை இப்போதே சரண்டர் செய்தால் வருகிற தொகை, தன்னுடைய வளையல்கள், பள்ளிக்கூடச் சொசைட்டியில் கிடைக்கிற கடன், அக்காவின் சங்கிலி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி வைத்திருந்தார். கூட்டல் மூவாயிரத்து ஐந்நூற்றில் முடிந்தது. நான் சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

நான் வேண்டாம் என்றேன். இன்னும் நாலு வருஷம் பொறுத்தால் முழுத்தொகை வரும், இப்போது சரண்டர் செய்வது நஷ்டம் என்றேன். முந்தின யுத்தம் முடிந்தபிறகு விலைகள் இறங்கினதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். இந்தத் தடவையும் அப்படித்தான் இறங்கும், வீடும் இரண்டாயிரத்துக்கே வந்துவிடும் என்று சாலையில் ஒவ்வொரு கடையிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். அந்தப் பாலிஸியில் இன்னும் நாலு வருஷம் எனக்கு வரவேண்டிய கமிஷன் என் மனதில் இல்லை என்று இங்கே எழுதிவிடலாம், படிக்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை. டீச்சர் தாளை நாலாக மடித்தார். “நீங்க சொல்றேள், நான் கேக்கறேன்,” என்றார். “பாலிஸி எடுத்தபோது நான் சொன்னேன், நீங்க கேட்டேள், பிள்ளைவாள்.”

நெல்லுக்கு நெல்

சாலையில் தானியக்கடை வைத்திருந்த செண்பகத்தம்மாள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவள். புருஷன் போனபிறகு கடையைத் தனியாக நடத்தினாள். நாற்பது வயசிருக்கும். அவள் மிச்சம் பிடிப்பதெல்லாம் நெல்லாகத்தான். ஊரில் அண்ணன் வீட்டு நெல்பத்தாயத்தில் கோட்டை கோட்டையாகக் கிடக்கும்; கோட்டை என்பது அங்கே நெல் அளக்கிற கணக்கு. விதைப்புக் காலத்தில் ஒரு கோட்டை கடன் கொடுத்தால் அறுப்பில் ஒன்றேகால் கோட்டை திரும்பி வரவேண்டும். நடுவில் ரூபாய் என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு நெல் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று இரண்டு பேரும் யோசிக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பாலிஸி விற்க நான் மூன்று வருஷம் நடந்தேன். மூன்றாவது வருஷம் அவள் கேட்டாள்: “நான் நெல்லாக் கட்டுதேன் அண்ணாச்சி. இருவது வருஷம் கழிச்சு நீங்களும் நெல்லாத் தருவியளா?” கம்பெனிக்குப் பத்தாயம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் கேட்டது சரியாகத்தான் பட்டது. டீச்சருக்கு இது தெரிந்திருந்தால் என்றுகூட நினைத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் நெல்லை எங்கே போட்டு வைப்பார் என்றும் தோன்றியது.

மறு அறுப்பில் லெவிக்காரர்கள் வந்தார்கள். அண்ணன் குடும்பம் சாப்பிடுவதற்கு இவ்வளவு என்று அளந்து விட்டுவிட்டு, மற்றதைச் சர்க்கார் நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளியில் அன்றைக்கு நெல் விற்ற விலை எல்லோருக்கும் தெரியும். நான் துக்கம் விசாரிக்கிற மாதிரி கடைக்குப் போனேன். செண்பகத்தம்மாள் ரசீதைத் தராசுத் தட்டில் போட்டுவிட்டு, “இப்ப சர்க்காரும் உங்க கம்பெனிதான் அண்ணாச்சி,” என்றாள். “நெல்லைக் கொண்டுபோயிட்டுக் கையிலே ஒரு தாளைத் தந்துட்டுப் போறான்.”

மூன்றாவது உருளி

அந்த நாட்களில் யார் எதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டிலேயே ஒன்று நடந்துகொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். என் மனைவி பகவதி, நான் கொடுக்கிற பணத்தில் பிடித்துவைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை சாலைப் பாத்திரக்கடையில் வெண்கல உருளி வாங்குவாள். எடைபோட்டுத்தான் வாங்குவாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில், இருபது பேருக்குப் பாயசம் வைக்கிற உருளி மூன்று இருந்தன. இந்தப் பணத்தைத் தபாலாபீஸில் போட்டால் வட்டியாவது வருமே என்று ஒருநாள் கோபித்துக்கொண்டேன். அவள் பழைய உருளியைத் துணியில் கட்டி, என் சைக்கிளில் வைத்து, கடையில் போய்ப் பழைய வெண்கலத்துக்கு என்ன தருவான் என்று கேட்டுவரச் சொன்னாள். அவள் புதிதாக வாங்கின விலையைப்போல இரண்டு பங்குக்கு மேல் சொன்னான் கடைக்காரன். நான் விற்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். பகவதி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “பாலிஸியை அடுப்பிலே ஏத்த முடியுமா? இதுலே பாயசமும் வச்சுட்டு, விக்கவும் செய்யலாம்.”

மிளகு மணம்

டீச்சரின் பாலிஸி முதிர இரண்டு வருஷம் இருந்தபோது கொரியாவில் சண்டை வந்தது. கொரியா எங்கே இருக்கிறது என்று சாலையில் யாருக்கும் தெரியாது. மிளகு விலை மட்டும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஏறியது. என்னோடு வேலை பார்த்த ஏஜெண்டு தாணு, தனக்கு வரவேண்டிய கமிஷனை அடகுவைத்து, வீட்டிலிருந்த நகையையும் போட்டு, பத்து மூட்டை மிளகு வாங்கிச் சாலையில் ஒரு அறையில் அடுக்கினான். பாலிஸிக் காகிதங்களையும் அங்கேயே வைத்திருந்தான். அவன் பையைத் திறந்தால் தும்மல் வரும். “ஓய், இன்ஷூரன்ஸ் எல்லாம் நாம மத்தவங்களுக்கு விக்கறதுக்காக்கும்,” என்று என்னிடம் சொன்னான். அவன் கணக்குப்படி மூன்று மாதத்தில் பணம் ஒன்றரைப் பங்காகியிருந்தது.

வேறு வழியில் பணம் புரட்டிக்கொண்டு வீட்டை விற்காமல் வைத்திருந்த அம்பாசமுத்திரத்து வீட்டுக்காரர் அந்தச் சமயத்தில் இறந்துபோய்விட்டார். அவருடைய மகன் வீட்டுக்கு ஐயாயிரம் என்று எழுதியிருந்தான். விலை இறங்கும் என்று நான் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. டீச்சர் வீட்டுக்குப் போனேன். பாலிஸியின்மேல் கம்பெனியில் கடன் வாங்கலாம், தாணுவிடம் கொடுத்தால் மிளகாக வாங்கி நாலு மாதத்தில் திருப்பித் தருவான், வீட்டுக்குக் குறைகிற பணம் வந்துவிடும் என்று சொன்னேன். அவர் பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த நோட்டை முடித்து மார்க்குப் போட்டு, மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதுக்கும் நீங்கதான் ஏஜெண்டா, பிள்ளைவாள்?”

ஒன்றரை அடி

நல்லவேளை, அவர் கேட்கவில்லை. மிளகு ஏறின வேகத்திலேயே இறங்கியது. தாணு மூட்டைகளை வைத்துக்கொண்டு இன்னும் ஏறும் என்று காத்திருந்தான். பிறகு வாங்கின விலையாவது வரட்டும் என்று காத்திருந்தான். அதற்கப்புறம் சைக்கிளை விற்றுவிட்டு நடந்து வேலைக்கு வந்தான்.

டீச்சரின் செக் வந்தது. லாபத்தோடு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். இந்தத் தடவை சலவை வேட்டி கட்டவில்லை. வீட்டுக்காரன் விலையை ஆறாயிரமாக ஆக்கிவிட்டிருந்தான். சாலையில் ஒரு அரிசி வியாபாரி வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், ஒரு மாதத்தில் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தான். வியாபாரி வாங்கினால் சகோதரிகள் வெளியே போகவேண்டியதுதான். வளையல்கள் ஏற்கெனவே அக்காவின் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டன, சங்கிலியும் கூடப் போயிருந்தது. ரிடயராக மூன்று வருஷம்தான் இருந்ததால் சொசைட்டியில் பெரிய கடன் கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். செக்கை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

டீச்சர் உள்ளே போய் ஒரு பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தார். கட்டம் போட்ட காகிதத்தில் வீட்டின் படம். பள்ளிக்கூடத்து டேப்பை வைத்து அவரே அளந்து வரைந்தது. ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை, கிணறு, கொல்லையில் இருந்த ஒரே தென்னை மரத்துக்குக்கூட ஒரு சின்ன வட்டம். மொத்த இடத்துக்கு ஆறாயிரம் என்றால் ஒரு சதுர அடிக்கு என்ன, இரண்டாயிரத்து அறுநூற்றுக்கு எத்தனை அடி என்று ஓரத்தில் வகுத்திருந்தார். கொல்லைப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பென்ஸிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு, கூடத்துக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவிலிருந்த சுவரோடு போயிற்று. அடுக்களையும் கிணறும் கோட்டுக்குப் பின்னால் இருந்தன. வாசலும் கூடமும் முன்னால் இருந்தன. “பின்பக்கம் மட்டும் தருவாரான்னு கேட்டு எழுதிட்டேன். முன்பக்கத்துக்கு வாடகை கொடுத்துடறேன்,” என்றார். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கோடு உண்மையில் சுவரைத் தாண்டிப் போகவேண்டும் என்று எனக்குப் பட்டது. கேட்டேன். “கணக்குப்படி கூடத்துலயும் ஒண்ணரை அடி எனக்கு வரணும்,” என்றார். “அதை ரிஜிஸ்தர் செலவுக்கு விட்டுட்டேன்.”

வழி

வீட்டுக்காரன் ஒப்புக்கொண்டான். அவனுக்கு அப்போது கையில் பணம் வேண்டியிருந்தது. மீதியை நிதானமாக விற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். பத்திரத்துக்குச் சாட்சி போட டீச்சர் என்னைக் கூப்பிட்டார். இந்த ஊரில் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். ஆதாரம் எழுதுகிற கிருஷ்ணபிள்ளை, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மாமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அளவுகளை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர், மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் அடுத்த தெருக்காரர்களின் கொல்லை மதில். முன்னால் வீட்டுக்காரனின் கூடம். டீச்சர் எந்த வழியாகத் தன் வீட்டுக்குள் போவார் என்று கேட்டார்.

அதுவரை அதை யாரும் நினைக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக வாசல் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்த வீடு. டீச்சர்கூடப் படத்தில் அடிகளைப் போட்டாரே தவிர அந்த அடிகளுக்கு எப்படிப் போவது என்று போடவில்லை. கடைசியில், வாசற்படியிலிருந்து ரேழியும் கூடமும் கடந்து பின்கட்டுக்குப் போகவும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆட்கள் வந்துபோகவும், மூன்றடி அகலத்தில் என்றைக்கும் வழி உண்டு என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கு வீட்டுக்காரன் இருபது ரூபாய் கேட்டான். டீச்சர் பர்ஸைத் திறந்து கொடுத்தார். கிருஷ்ணபிள்ளை மை ஒற்றிவிட்டுச் சொன்னார்: “சகோதரங்கள் பாகம் வைக்கும்போ வழி எழுதுறது உண்டு. விலைக்கு வாங்குறவங்க அடுக்களை மாத்திரம் வாங்கி நான் கண்டிட்டில்லை டீச்சரே.”

பின்கட்டு

விலை இறங்கும் என்று நான் சொன்னது பொய்யாகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இறங்கத்தான் செய்தது. அரிசி, துணி, பவுன் எல்லாமே கொஞ்சம் இறங்கின. வீட்டுக்காரன் நிதானமாக விற்கலாம் என்று வைத்திருந்த முன்கட்டு, அவன் கேட்டதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாக, அந்த அரிசி வியாபாரிக்கே போயிற்று. அந்த விலைக்கு முதலில் டீச்சரைத்தான் கேட்டானாம். டீச்சரிடம் அப்போது செக் எதுவும் இல்லை. சகோதரிகள் சாமான்களை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனார்கள்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொண்ட வருஷம், பழைய பாலிஸிக்காரர்களை ஒரு தடவை பார்த்துவரலாம் என்று கிளம்பி வலியசாலைக்கும் போனேன். கூடத்தில் வியாபாரியின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “டீச்சரையா? உள்ளே போங்க. காலை மட்டும் தொடைச்சுட்டுப் போங்க,” என்றாள். மூன்றடி வழியின் இரண்டு பக்கமும் அவர்களுடைய மூட்டைகள் இருந்தன. ஆதாரத்தில் எழுதின அகலம் மட்டும் காலியாக இருந்தது. டீச்சர் ரிடயராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுக்களையில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அக்காவின் கட்டில். எனக்கு இரண்டாங்கட்டில் பாய் போட்டார். இடம் குறைவு, முழங்காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. கிணற்றடியில் வெயில் இருந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டு ஒரு விஷயம் கேட்டார். பின்கட்டையும் கொடுத்துவிட்டால் நாலாயிரம் தருவதாக வியாபாரி சொல்கிறாராம். பென்ஷன் எப்போதும் ஒரே தொகை, சாமான் விலை மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறது. பணத்தை வாங்கி எதிலாவது போட்டுக்கொண்டு வேறெங்காவது ஒரு அறை பார்க்கலாமா, இல்லை இங்கேயே இருக்கலாமா, இனி விலைகள் எப்படிப் போகும் என்று கேட்டார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பையில் புது கார்ப்பரேஷனின் அச்சிட்ட தாள்கள் இருந்தன. நல்ல காகிதம். எடுக்கவில்லை. “எனக்குத் தெரியாது, டீச்சர்,” என்றேன்.

கட்டிலில் இருந்த அக்கா யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள், பிள்ளைவாள் என்று டீச்சர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வகுப்பில் விடை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: “விக்கறதா இல்லை. நீங்க என்ன சொல்றேள்னு பார்க்கத்தான் கேட்டேன். தெரியாதுங்கறதை எட்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தேள்னா, இந்தக் காப்பியை உங்களுக்குக் கூடத்துல வச்சுக் கொடுத்திருப்பேன்.”

மற்றபடி, பாலிஸியில் எழுதின தொகையில் ஒரு காசு குறைத்து எங்கள் கம்பெனி யாருக்கும் கொடுத்ததில்லை.